ஒரே அணியில் இரண்டு சிறந்த ரன்னிங் பேக்குகள்: ஒருவரை விட்டுக்கொடுப்பதா என்று முடிவு செய்வது எப்படி

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணியின் வரிசையைப் பிளந்து ஓடுபவரை ரன்னிங் பேக் என்கிறார்கள். களத்தில் நிற்கும் பதினொருவரில் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் ஒருவர்தான் இறங்குவார் என்பதால், இரண்டு சிறந்த வீரர்களை வைத்திருக்கும் அணியில் ஒருவர் வெளியே அமர்ந்திருக்க நேர்கிறது. அவரை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, ஈடாக டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில்) ஒரு தேர்வையோ வேறொரு வீரரையோ வாங்கினால் என்ன என்ற கேள்வி, அந்நாட்டின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகளில் ஆண்டுதோறும் எழுகிறது. இருவரில் யார் பெரியவர் என்று கேட்டு இதைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் போனபின் எந்த வேலை செய்ய ஆளின்றி நிற்கும், அந்த வேலையின் விலை என்ன என்பதையே கணக்கிட வேண்டும்.

ஆகவே, இருவரும் ஓடிக் கடந்த மொத்தத் தூரமான யார்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொருவரும் செய்யும் வேலைகளைத் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு டவுன்களில் (பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) நடுவே முட்டி ஓடுவது யார், மூன்றாம் டவுனில் பாஸ் பிடிப்பது யார், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்துவரும் வீரரைக் குறுக்கே நின்று தடுப்பது யார், கோல் கோட்டுக்கு இரண்டு யார்டு மீதமிருக்கையில் பந்து யாரிடம் போகிறது என்று ஆட்டப் பதிவுகளைப் பார்த்து எண்ண வேண்டும். இவற்றில் தடுக்கும் வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் ஓடிய யார்டுகளைப் போல அது புள்ளிவிவரங்களில் முன்னால் நிற்பதில்லை. ஆனால் அதில் தேறாத இளம் வீரர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவரை மூன்றாம் டவுனில் நம்பி இறக்கப் பயிற்சியாளர் தயங்குவார்.

பட்டியல்கள் இரண்டும் ஒன்றுபோல இருந்தால் ஒருவரைக் கொடுக்கலாம். வெவ்வேறாக இருந்தால் கொடுக்கும் முன் நெடுநேரம் யோசிக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் 2017ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியபோது மார்க் இங்கிரம், ஏட்ரியன் பீட்டர்சன், அந்த ஆண்டுதான் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட ஆல்வின் கமாரா என மூவர் இருந்தனர். பீட்டர்சன் பெரும் புகழ் பெற்றவர். எனினும் அவர் செய்யக்கூடிய வேலையை இங்கிரம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். நான்கு ஆட்டங்களுக்குப் பிறகு, அக்டோபர் 10 அன்று, பீட்டர்சன் அரிசோனா கார்டினல்ஸ் அணிக்குக் கொடுக்கப்பட்டார். அங்கே முதல் ஆட்டத்திலேயே 134 யார்டுகள் ஓடி இரண்டு டச்டவுன்கள் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பெறும் புள்ளிகள்) எடுத்தார் என்றாலும், செயின்ட்ஸ் செய்தது தவறாகிவிடவில்லை. இங்கிரம் அந்தப் பருவத்தில் 1,124 யார்டுகள் ஓடினார். கமாரா 81 பாஸ்களைப் பிடித்தார். ஓட்டத்தையும் பிடித்த பாஸ்களையும் சேர்த்து இருவருமே 1,500 யார்டுகளைக் கடந்தனர். ஒரே அணியின் இரண்டு ரன்னிங் பேக்குகள் ஒரே பருவத்தில் அந்த எல்லையைக் கடந்தது லீக் வரலாற்றில் அதுவே முதன்முறை. விட்டுக்கொடுத்த வீரர் வேறிடத்தில் மின்னுவதைக் கண்டு மனம் கலங்காமலிருக்க, வேலைப் பட்டியலை முன்பே எழுதி வைத்திருப்பது பெரிதும் உதவும்.

அடுத்தது ஒப்பந்தம். என்.எஃப்.எல். அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு; 2024இல் அது 25.54 கோடி டாலர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வீரருக்கு முன்பணமாகத் தரும் போனஸ், கணக்கில் மட்டும் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படுகிறது. நான்காண்டு ஒப்பந்தத்துக்கு 80 லட்சம் டாலர் போனஸ் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 20 லட்சம் கணக்கில் ஏறும். இரண்டு பருவங்கள் முடிந்தவுடன் அவரைக் கொடுத்தால், மீதமுள்ள 40 லட்சமும் அந்த ஆண்டுக் கணக்கிலேயே ஒருசேர விழும். ஜூன் 1க்குப் பிறகு கொடுத்தால் அந்த ஆண்டுக்கு 20, அடுத்த ஆண்டுக்கு 20 எனப் பிரியும். புதிய அணி இனிவரும் சம்பளத்தை ஏற்குமே தவிர, இந்தப் பழைய போனஸை ஏற்காது. எனவே வீரர் போவதால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கிடும்போது, இந்தத் தொகையைக் கழித்த பிறகு கிடைப்பதையே மிச்சம் என்று கொள்ள வேண்டும்.

டிராஃப்டில் எடுக்கப்பட்டவரின் முதல் ஒப்பந்தம் நான்காண்டுக்கானது, செலவும் குறைவு. இருவரில் ஒருவராவது அந்த ஒப்பந்தத்தில் இருக்கும்வரை இருவரையும் வைத்துக்கொள்வது பெரும் சுமையாகாது. டெட்ராய்ட் லயன்ஸ் 2024இல் ஜமீர் கிப்ஸை இப்படி வைத்திருந்ததால்தான், பருவத்தின் நடுவே டேவிட் மான்ட்கோமரியின் ஒப்பந்தத்தையும் நீட்டிக்க முடிந்தது. டிசம்பரில் மான்ட்கோமரியின் முழங்காலில் அடிபட்டபோது கிப்ஸ் பாரத்தை ஏற்றார். மின்னசோட்டாவுக்கு எதிரான பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நான்கு டச்டவுன்கள் எடுத்தார். இருவருக்கும் இரண்டாம் ஒப்பந்தம் வரும்போதுதான் நிலைமை கடினமாகிறது. கரோலினா பாந்தர்ஸின் ஜானத்தன் ஸ்டூவர்ட்டும் டிஆஞ்சலோ வில்லியம்ஸும் 2009இல் முறையே 1,133, 1,117 யார்டுகள் ஓடினர். அணி 2011இல் வில்லியம்ஸுக்கு ஐந்தாண்டுக்கு 4.3 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. 2012இல் ஸ்டூவர்ட்டின் ஒப்பந்தத்தையும் நீட்டித்தது. 2009க்குப் பிறகு அந்த அணிக்காக இருவருமே ஒரு பருவத்தில்கூட 1,000 யார்டுகளைத் தொடவில்லை.

வயதையும் காலத்தையும் பொறுத்தவரை, டல்லஸ் கவ்பாய்ஸின் கதையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. டோனி டோர்செட் 1977இல் வந்தவர். என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக நடந்துவந்த யு.எஸ்.எஃப்.எல். லீக் நின்றுபோனதால் 1986இல் ஹெர்ஷல் வாக்கரும் அதே அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டு டோர்செட் 748, வாக்கர் 737 என்று ஏறக்குறைய சமமாக ஓடினர். மறு ஆண்டு டோர்செட் 456, வாக்கர் 891 என்றானது. டோர்செட் 1988இல், தம் 34ஆவது வயதில், நிபந்தனைக்குட்பட்ட ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்காக டென்வர் பிராங்கோஸுக்குக் கொடுக்கப்பட்டார். தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போகவிருந்த ஒருவருக்குக் கிடைத்தது அவ்வளவே. வாக்கரோ 1988இல் 1,514 யார்டுகள் ஓடி, 27ஆவது வயதில், 1989 அக்டோபரில் மின்னசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுக்கப்பட்டார். அதற்குச் சில வீரர்களோடு, காலப்போக்கில் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும் டல்லஸுக்கு வந்துசேர்ந்தன. அவற்றில் ஒன்றைப் பயன்படுத்தி டிராஃப்ட் வரிசையில் முன்னேறித்தான் 1990இல் எமிட் ஸ்மித்தை எடுத்தார்கள். ஆனால் வாக்கரைக் கொடுத்த ஆண்டில் அந்த அணி 16 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அந்தப் பருவத்தில் இழக்க அவர்களிடம் ஏதுமிருக்கவில்லை. கரோலினா 2022 அக்டோபரில் 26 வயதான கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை நான்கு தேர்வுகளுக்காக சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்தபோதும், ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன்தான் நின்றது.

காயம் பற்றிய அச்சத்தை எப்படி எடைபோடுவது என்பதற்கு கிளீவ்லாந்து பிரவுன்ஸைப் பாருங்கள். நிக் சப்புக்குத் துணையாக இருந்த கரீம் ஹன்ட் 2022 ஆகஸ்டில் தம்மை வேறு அணிக்குக் கொடுக்கும்படி கேட்டார், அணி மறுத்தது. வீரர் பரிமாற்றத்துக்கான கடைசி நாளன்று அணி மூன்று வெற்றி, ஐந்து தோல்வியுடன் இருந்தது. ஹன்ட்டின் ஒப்பந்தமோ அந்தப் பருவத்தோடு முடியவிருந்தது. அப்போதும் அவரைக் கொடுக்கவில்லை. அடுத்த செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் சப்பின் முழங்கால் கடுமையாகக் காயமடைந்தபோது, எந்த அணியிலும் இல்லாதிருந்த ஹன்ட்டையே மீண்டும் அழைத்துவந்தனர். இருவரையும் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதையே சான்றாகச் சிலர் காட்டக்கூடும். நான் ஏற்கமாட்டேன், காயம் நேர்ந்த நாளில் ஹன்ட் அந்த அணியிலேயே இல்லை. முந்தைய ஆண்டு அவரைக் கொடுத்து ஒரு தேர்வை வாங்கியிருந்தாலும், அவரைத் திரும்ப அழைக்கும் வழி திறந்தேயிருந்திருக்கும். காயத்துக்கான காப்பீடு ஒப்பந்தம் முடியும் நாள்வரைதான் செல்லும் என்பதால், எஞ்சிய வாரங்களை எண்ணி அதற்கு மதிப்பிடுங்கள். பிளேஆஃப் வாய்ப்புள்ள அணிக்கு அந்த வாரங்கள் விலைமதிப்பற்றவை. வாய்ப்பு நழுவிய அணிக்கு அவற்றால் பயனில்லை.

இவ்வளவும் ஆனபின், பிற அணிகளிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் வருவதற்கு முன்பே, ஏற்கத்தக்க மிகக் குறைந்த விலையை எழுதி வைத்துவிடுங்கள். கடைசி நாளின் பரபரப்பில் அந்த எண்ணை மாற்றாதீர்கள். எழுதிய விலை வரவில்லையென்றால், வீரரிடமும் அவருடைய முகவரிடமும் அன்றே நேரில் பேசி, வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எத்தனை முறை பந்து தரப்படும் என்பதைப் பயிற்சியாளரே அவருக்குச் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள்.