பழைய காரின் எரிபொருள் ஃபில்டர்: எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது?

பழைய கார் வாங்குபவர்கள் எஞ்சின் ஆயிலையும் பிரேக்கையும் டயரையும் தவறாமல் பார்க்கிறார்கள். எரிபொருள் ஃபில்டரோ, வண்டி நடுவழியில் நிற்கும் நாள் வரை யார் நினைவுக்கும் வருவதில்லை. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலில் கலந்து வரும் துருவையும் தூசியையும் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் எஞ்சின் பட்டினி கிடக்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்கு உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் கணக்கே முதன்மையானது. கையேடு இல்லையென்றால், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கருவி) உள்ள வண்டிக்கு 15,000 முதல் 20,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இன்ஜெக்டர் (பெட்ரோலை அழுத்தத்தோடு தெளிக்கும் முனை) உள்ள பெட்ரோல் வண்டிக்கு 40,000 முதல் 60,000, டீசல் வண்டிக்கு 20,000 முதல் 40,000 என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த எண்களெல்லாம் டேங்க் சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொல்லப்பட்டவை. பழைய இரும்பு டேங்க் பாதி காலியாகக் கிடந்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிரில் நீர்த்துளியாகிச் சுவரில் துருவை ஏற்றும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசின்போல் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்வதோடு அந்தப் பழைய படிவையும் கரைத்துக் கிளப்பிவிடும். ஓராண்டுக்கு மேல் ஓடாமல் நின்ற ஒரு காரை நான் ஓட்டத் தொடங்கியபோது, புதிதாகப் போட்ட ஃபில்டர் சில நூறு கிலோமீட்டரிலேயே அடைத்துக்கொண்டது. குற்றம் டேங்கில் இருக்கும்போது ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆகவே, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டியில் இன்றே ஒரு புதிய ஃபில்டரைப் போட்டு, அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

அடைப்பின் அறிகுறி பெரும்பாலும் ஏற்றத்தில்தான் தெரியும். நின்ற இடத்தில் சீராக ஓடும் எஞ்சின், ஆக்சிலரேட்டரை அழுத்தி மேடேறும்போது திணறும். நின்று ஓடும்போது தேவைப்படும் பெட்ரோல் கொஞ்சம் என்பதால், அடைத்த ஃபில்டரும் அதைக் கொடுத்துவிடும்; மேட்டில் கேட்கும் அளவை அதனால் கொடுக்க முடியாது. பம்ப் பலவீனமானாலும் இதே அறிகுறி வரலாம் என்றாலும், முதலில் ஃபில்டரைச் சந்தேகிப்பதே எளிது.

இனி மாற்றும் முறை. இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் காரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில், அருகில் எந்த நெருப்பும் இல்லாதபடி வண்டியை நிறுத்தி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வெளிச்சத்துக்குச் சூடேறும் பழைய குண்டு பல்பு வேண்டாம். எல்இடி டார்ச் போதும். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

முதலில் குழாயில் உள்ள அழுத்தத்தை இறக்க வேண்டும். இந்த ஒரு படியை எக்காரணம் கொண்டும் தாண்டிவிடாதீர்கள், ஏனெனில் எஞ்சினை அணைத்த பிறகும் குழாயில் பெரும்பாலும் 3 பார் அளவில் அழுத்தம் நிற்கும். அப்படியே கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். எரிபொருள் பம்பின் ஃபியூஸை அல்லது ரிலேயை (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) கழற்றிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். அது தானாகவே அணைந்ததும் இன்னும் சில நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள்.

அடுத்து ஃபில்டரைத் தேடுங்கள். அது போனட்டுக்குள்ளோ, வண்டிக்கு அடியில் டேங்க் பக்கமாகவோ இருக்கும். அடியில் என்றால் ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காமல் ஸ்டாண்ட் கொடுத்த பிறகே உள்ளே போங்கள். சில வண்டிகளில் அது டேங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்திருக்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

கழற்றும் முன் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பைத் துணியால் சுற்றி மெதுவாகத் தளர்த்தி, வழியும் பெட்ரோலை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். புதிய ஃபில்டரின் மேல் தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் எழுதிவிட்டு, அதிலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். செம்பு வாஷர்களையும் கிளாம்புகளையும் புதிதாகவே போடுங்கள். வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸையும் அத்தோடு மாற்றிவிடுங்கள்.

ஃபியூஸையும் பேட்டரியையும் இணைத்தபின் உடனே ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன் நிலையில் மூன்று நொடி வைத்து அணைப்பதை நான்கு முறை செய்தால் குழாயில் பெட்ரோல் நிறைந்துவிடும். இப்போது இணைப்புகளை விரலால் தடவிக் கசிவு பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு மறுபடியும் பாருங்கள். டீசல் வண்டியில் இதற்குப் பதிலாகக் கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறிவதற்கு முன், டேங்க் பக்கத்து முனையைக் கவிழ்த்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். அழுக்கு அந்தப் பக்கத்தில்தான் தங்கியிருக்கும். எஞ்சின் பக்கமாக ஊற்றினால் வடிகட்டிய பெட்ரோல்தான் வரும். தெளிவாக வந்தால் கையேட்டின் கணக்கையே பின்பற்றலாம். செம்மண் கரைத்ததுபோல் வந்தால் அடுத்த மாற்றத்தைப் பாதித் தூரத்திலேயே வைத்துக்கொண்டு, டேங்கைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். கிண்ணத்தின் அடியில் முத்துமுத்தாக உருளும் துளிகள் தெரிந்தால் அது தண்ணீர். அது மூடி வழியாக இறங்கியிருக்கலாம் என்பதால், டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தை அன்றே பார்த்துவிடுங்கள்.