அலீவியேட்: இந்த ஒரு வார்த்தைய முழுசா கைக்குள்ள கொண்டுவர்றது எப்படி

ஐஇஎல்டிஎஸ், ஓஇடின்னு ஆங்கிலத் தேர்வுக்கு (ஓஇடி மருத்துவத் துறையில இருக்கவங்களுக்கானது) படிக்கிறவங்க நோட்டுல இந்த வார்த்தை கண்டிப்பா இருக்கும், "அலீவியேட் = குறைத்தல்"னு எழுதி பக்கத்துல ஒரு டிக்கும் போட்டிருப்பாங்க. ஆனா ஒரு வாக்கியம் எழுதுங்கன்னா "தி நர்ஸ் அலீவியேட்டட் தி பேஷன்ட்"னு வந்து நிக்கும். அர்த்தம் தெரிஞ்சும் தப்பாகுது பாருங்க, பாவமா இருக்கும், ஏன்னா அவங்க படிக்காம இல்ல, அர்த்தத்த மட்டும் படிச்சிருக்காங்க.

முதல்ல வாய்க்கு வரணும். அழுத்தம் "லீ" மேல. முன்னாடி இருக்க "அ" லேசா, இருக்கா இல்லையாங்கற மாதிரி. அ-லீ-வி-யேட். பெயர்ச்சொல்லா மாறினா அலீவியேஷன், அப்ப அழுத்தம் "யே"க்கு போயிடும். ஸ்பெல்லிங் alleviate, அதுல டபுள் எல், மீதி எல்லாம் சிங்கிள். பத்து தடவ சத்தமா சொல்லிட்டு மேல படிங்க, வாயில வராத வார்த்தை பேனாவுலயும் வராது.

அடுத்து அர்த்தம். லத்தீன்ல "லெவிஸ்"னா லேசானதுன்னு அர்த்தம், அதுலருந்து வந்ததுதான் இது. எலிவேட்டர், லீவர் எல்லாம் அதே குடும்பம். அதனால அலீவியேட்னா சுமைய லேசாக்குறது, தலைச்சுமையில பாதிய இன்னொருத்தர் வாங்கிக்கிட்ட மாதிரி. சுமை இன்னும் இருக்கு, ஆனா தாங்க முடியுது. இதுக்கு நேர் எதிர் வார்த்தை அக்ரவேட், அது "கிராவிஸ்", அதாவது கனமானதுங்கற லத்தீன் வார்த்தையிலருந்து வந்தது, கிராவிட்டியும் அதுலருந்துதான். ரெண்டையும் ஜோடியா மனப்பாடம் பண்ணிடுங்க. நர்ஸிங் படிச்சவங்களுக்கு இது புதுசு இல்ல, வலியப் பத்தி ஹிஸ்டரி எடுக்கும்போது அக்ரவேட்டிங் ஃபேக்டர்ஸ், அலீவியேட்டிங் ஃபேக்டர்ஸ்னு கேப்போம்ல, எது பண்ணா வலி கூடுது, எது பண்ணா குறையுது, அதேதான்.

இப்ப முக்கியமான விஷயம், இங்கதான் நிறைய பேர் விழறாங்க. அலீவியேட்டுக்கு பின்னாடி வர்றது ஆள் இல்ல, பிரச்சினை. பெயின், சிம்ப்டம்ஸ், சஃபரிங், பாவர்ட்டி, ஆங்சைட்டி, டிராஃபிக் கன்ஜெஸ்ஷன், ஷார்ட்டேஜ், இந்த மாதிரி ஏற்கனவே இருக்க ஒரு கஷ்டம். "தி மெடிசின் அலீவியேட்டட் ஹிஸ் பெயின்" சரி. "தி மெடிசின் அலீவியேட்டட் ஹிம்" தப்பு. "அலீவியேட் ஃப்ரம் பெயின்"னும் எழுதக்கூடாது, நடுவுல எந்த ப்ரெபொசிஷனும் வேணாம், நேரா பிரச்சினைய வச்சிடுங்க. ஆளத்தான் சொல்லியாகணும்னா ரிலீவ்னு ஒரு வார்த்தை இருக்கு, "ரிலீவ்ட் ஹிம் ஆஃப் ஹிஸ் பெயின்"னு சொல்லலாம், அது ரெண்டு பக்கமும் போகும்.

இன்னொன்னு, அலீவியேட்னா தீர்த்துட்டோம்னு அர்த்தமே இல்ல. டெங்குல பாரசிட்டமால் குடுக்கறோம், காய்ச்சலும் உடம்பு வலியும் குறையும், வைரஸ அது ஒண்ணும் பண்ணாது, அப்ப அந்த மாத்திரை பண்றது அலீவியேட், க்யூர் இல்ல. பெரியம்மைய அடியோட ஒழிச்சாச்சுன்னு 1980ல உலக சுகாதார அமைப்பு அறிவிச்சது, அது இராடிகேட், வேரோட பிடுங்கறது. தமிழ்ல இங்க ஒரு குழப்பம் இருக்கு, பாவர்ட்டி அலீவியேஷன்ங்கறத நம்ம பேப்பர்ல எல்லாம் வறுமை ஒழிப்புன்னு போட்டு போட்டு நமக்கு அலீவியேட்னாலே ஒழிக்கிறதுன்னு பதிஞ்சிடுச்சு. உண்மையில அது வறுமையோட கொடுமைய குறைக்கிறதுதான். 2015ல ஐநா வச்ச நிலையான வளர்ச்சி இலக்குகள்ல முதல் இலக்க பாருங்க, அதுல "எண்ட் பாவர்ட்டி"ன்னுதான் இருக்கு, அலீவியேட்னு போடல. முடிவு கட்டணும்னு சொல்ல வந்தவங்க லேசாக்குற வார்த்தைய எடுக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா தமிழ்ல "தணி"ங்கறதுதான் இதுக்கு ரொம்ப கிட்ட வருது, வலி தணியும், சூடு தணியும். ஆனா தாகம் தணியறதுக்கு க்வெஞ்ச்தான் இயல்பா இருக்கும், அதனால தணின்னு வர்ற இடத்துல எல்லாம் இத தூக்கிப் போட்டுடாதீங்க.

பக்கத்து வீட்டு வார்த்தை மிட்டிகேட். பெரும்பாலும் ஆபத்து, பாதிப்பு, ரிஸ்க் பக்கம் வரும். வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே கால்வாய தூர்வாரி வைக்கிறது வெள்ள அபாயத்த மிட்டிகேட் பண்றது, வெள்ளம் வந்தப்புறம் சோறும் போர்வையும் குடுக்கறது மக்களோட கஷ்டத்த அலீவியேட் பண்றது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டா ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங் டாஸ்க் 2ல, அதாவது கட்டுரை எழுதற பகுதியில, பிரச்சினை-தீர்வு டைப் கேள்வி வந்தா பயமே இருக்காது.

எங்க போடறது, எங்க போடக்கூடாதுங்கறதையும் பாத்துக்கங்க. இது எழுத்துக்கான வார்த்தை. ஓஇடி லெட்டர்ல "பாரசிட்டமால் வாஸ் கிவன் டு அலீவியேட் ஹெர் பெயின்"னு எழுதினா அழகா உக்காரும். அதே ஓஇடி ஸ்பீக்கிங் ரோல்ப்ளேல, வலியில துடிக்கிற மாதிரி நடிக்கிற பேஷன்ட்கிட்ட போய் "வாட் அலீவியேட்ஸ் யுவர் பெயின்?"னு கேக்காதீங்க ப்ளீஸ். "டஸ் எனிதிங் மேக் இட் பெட்டர்?" போதும், வலியில இருக்கவங்களுக்கு புரியற பேச்சுதான் அங்க மரியாதை, மார்க்கும் அதுக்குத்தான்.

பழகறதுக்கு ஒரு வழி சொல்றேன். இன்னைக்கு நீங்க பாத்த நிஜமான கஷ்டம் ஒண்ணு எடுங்க, வார்டுல ஆள் பத்தாம இருக்கா, பாட்டிக்கு முட்டி வலியா, பஸ்ல நிக்க இடம் இல்லையா, எதுவா இருந்தாலும் சரி. எது அத குறைக்கும்னு யோசிச்சு ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க, உதாரணமா "எக்ஸ்ட்ரா பஸஸ் வுட் அலீவியேட் தி ஓவர்கிரவுடிங்". எழுதினதும் மூணு கேள்வி: பின்னாடி இருக்கது பிரச்சினையா ஆளா, நடுவுல ப்ரெபொசிஷன் நுழைஞ்சிருக்கா, பிரச்சினை குறையுதா இல்ல மொத்தமா தீருதா. மொத்தமா தீருதுன்னா சால்வ்னோ க்யூர்னோ மாத்திடுங்க. கொஞ்சம்தான் குறையுதுன்னா முன்னாடி பார்ஷலினு ஒண்ணு சேத்துக்கங்க, பெருசா குறையுதுன்னா கிரேட்லி. அதே வாக்கியத்த பேசிவ்லயும், அலீவியேஷன் வச்சும் ஒரு தடவ மாத்தி எழுதிப் பாருங்க, அதுக்கப்புறம் நோட்டுல டிக் போட்டுக்கலாம்.