கோப்பைத் தொடும் நிரலுக்கு டெஸ்ட் எழுதுவது

நான் பராமரிப்பது ஒரு சிறிய பைத்தான் லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. நிரல்களின் விருப்ப அமைப்புகள் இருக்கும் கோப்புகளைப் படித்து, திருத்தி, திரும்ப எழுதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் அது ஒரே மாதிரி நடக்க வேண்டும். அதற்கு டெஸ்ட் (நிரல் சரியாக நடக்கிறதா என்று சோதிக்கும் நிரல்) எழுதும்போது நான் விடாமல் பார்ப்பவை இவை.

முதலில், இயங்குதளத்தைப் போலி செய்யாதீர்கள். தளத்தின் வகையைச் சொல்லும் ‘ஓஎஸ்.நேம்’ மதிப்பை மாற்றி வைத்துவிட்டால் லினக்ஸ் விண்டோஸ் ஆகிவிடாது. திறந்திருக்கும் கோப்பை லினக்ஸ் அழிக்க விடும். விண்டோஸில் பைத்தானின் வழக்கமான ‘ஓப்பன்’ வைத்துத் திறந்த கோப்பை அழிக்கப் போனால் அனுமதிப் பிழைதான் வரும். பாதைகளைப் பிரித்துச் சேர்க்கும் கணக்கை மட்டும் ‘ப்யூர்விண்டோஸ்பாத்’ கொண்டு எங்கேயும் சோதிக்கலாம், அது வட்டைத் தொடாது. மற்றதெல்லாம் நிஜ இயந்திரத்தில் ஓட வேண்டும். டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் மூன்று தளங்களையும் மேட்ரிக்ஸில் (ஒரே டெஸ்டை ஓட்ட வேண்டிய தளங்களின் பட்டியல்) போட்டு, ஒன்று விழுந்ததும் மற்றவற்றை நிறுத்தும் ‘ஃபெயில்-ஃபாஸ்ட்’டை அணைத்து வையுங்கள். ஒன்று விழுந்ததும் மற்ற இரண்டும் நின்றுபோனால், பிழை எந்தத் தளத்துக்கு உரியது என்றே தெரியாது.

அடுத்தது பைட், அதாவது வட்டில் உண்மையில் பதிவாகும் தரவின் அலகு. உரையாக எழுதி உரையாகவே படித்துச் சரிபார்க்கும் டெஸ்டை நான் நம்புவதில்லை. விண்டோஸில் எழுதும்போது வரி முடிவு இரண்டு பைட்டாகும், படிக்கும்போது மறுபடி ஒன்றாகும். டெஸ்ட் பச்சை காட்டும், வட்டில் இருப்பதோ வேறு. அதனால் லைப்ரரி எழுதிய கோப்பை பைனரியாகத் திறந்து, எதிர்பார்க்கும் பைட்டுகளோடு ஒப்பிடுங்கள். மாதிரிக் கோப்புகளின் வரி முடிவுகளை கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) தன் போக்கில் மாற்றாமல் இருக்க, ‘கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் அந்தக் கோப்புறைக்கு ‘மைனஸ் டெக்ஸ்ட்’ போட வேண்டும். என்கோடிங்கையும் (எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை) எப்போதும் வெளிப்படையாகக் கொடுங்கள். பைத்தான் 3.10 முதல், அதைக் கொடுக்காமல் விட்ட இடங்களை எச்சரிக்கையாகக் காட்டும் வசதி இருக்கிறது. டெஸ்டில் அதைப் பிழையாகவே மாற்றி வைத்திருக்கிறேன்.

கோப்பின் பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பலரும் தவறவிடுவதும் இதைத்தான். ‘கோப்பு’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஓர் எண் தரும் தரநிலை) ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை தளத்துக்குத் தளம் வேறு. லினக்ஸின் எக்ஸ்ட்4-லும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-லும் அவை இரண்டு தனிக் கோப்புகள். மேக்கின் ஏபிஎஃப்எஸ்-ல் ஒரே கோப்பு. இரண்டு வடிவிலும் ஒரு கோப்பை உருவாக்கி, உங்கள் லைப்ரரி என்ன செய்கிறது என்று பாருங்கள். நீளமும் அப்படித்தான். எக்ஸ்ட்4-ல் ஒரு பெயருக்கு 255 பைட், யுடிஎஃப்-8 என்கோடிங்கில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக, 85 குறிகளோடு முடிந்தது. விண்டோஸில் சேமிக்க முடிந்த 100 குறிப் பெயர் லினக்ஸில் விழும். தமிழில் பெயர் வைப்பவரின் கோப்பு தொலையக் கூடாது என்பதால் இந்த டெஸ்டை நான் ஒருபோதும் நீக்க மாட்டேன்.

புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, அதைப் பழைய கோப்பின் பெயருக்கு மாற்றுவதற்கு ‘ரீநேம்’ வேண்டாம். இலக்கில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் விண்டோஸில் அது பிழை தரும், லினக்ஸில் சத்தமில்லாமல் மேலெழுதும். ‘ரீபிளேஸ்’ இரண்டிலும் மேலெழுதும். ஆனால் இலக்குக் கோப்பை வேறு யாரோ திறந்து வைத்திருந்தால் விண்டோஸ் அதையும் மறுக்கலாம். அப்போது பழைய கோப்பு சேதமில்லாமல் இருக்கிறதா, தற்காலிகக் கோப்பு மிச்சம் கிடக்கிறதா என்று தனி டெஸ்ட் வேண்டும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயத்தில் தளத்தின் பெயரைப் பார்த்து ‘ஸ்கிப்’ (டெஸ்டை ஓட்டாமல் தாண்டுவது) போடாதீர்கள். மேக்கின் வட்டை இரண்டு விதமாகவும் ஃபார்மட் செய்யலாம். சிறிய எழுத்துப் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, பெரிய எழுத்தில் தேடிப் பார்த்தால் அந்த வட்டின் குணம் தெரிந்துவிடும். அதைப் பொறுத்து எதிர்பார்ப்பை எழுதுங்கள்.

அனுமதி டெஸ்டுக்கும் இதே வழிதான். கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் சூழல்) ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனராக, ஓடினால், படிக்கத் தடை போட்ட கோப்பும் திறந்துகொள்ளும். கோப்பின் அனுமதியை மாற்றும் ‘சிஎச்மாட்’, விண்டோஸில் எழுதும் தடையை மட்டுமே மாற்றும். அதனால் தடை போட்டதும் டெஸ்டே ஒருமுறை நேரடியாகத் திறந்து பார்க்கட்டும். திறந்துகொண்டால், அந்த இடத்தில் மட்டும் காரணத்தை எழுதி ‘ஸ்கிப்’ செய்யலாம்.