இம்யூனோபுளோரசன்ஸ் பயொப்சி அனுப்பும்போது விடக்கூடாத பிழைகள்

உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டை (பயொப்சி) ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான் இம்யூனோபுளோரசன்ஸ் பரிசோதனை. ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும் விடுதிக்குப் புதிதாக வரும் வைத்தியர்களும், நாங்கள் தொடங்கிய காலத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். பெயர் எழுத மறப்பது, மூடியை இறுக்காமல் விடுவது எல்லாம் ஒருதரம் ஏச்சு வாங்கினால் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போமலின்

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். மற்றப் பயொப்சிகள் எல்லாம் இழையத்தைக் கெடாமல் வைக்கும் போமலின் கரைசலில் போவதால் கை தன்பாட்டில் அந்தப் போத்தலை எடுத்துவிடுகிறது. இந்தப் பரிசோதனையில் தேடுவது இழையத்தில் படிந்திருக்கும் ஐஜிஜி, ஐஜிஏ, சி3 போன்ற நோயெதிர்ப்புப் புரதங்களை. போமலின் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். ஒளிரும் சாயம் ஏற்றிய பிறபொருளெதிரிக்குப் பிறகு ஒட்ட இடமிராது. கழுவினாலும் பழைய நிலைக்கு வராது.

வாய் முழுக்கப் புண்ணும் உடம்பெல்லாம் கொப்புளமுமாக ஒரு அம்மா வந்தார். பெம்பிகஸ் என்ற கொப்புள நோயோ என்று சந்தேகம். சாதாரண பரிசோதனைக்கு ஒன்று, இதற்கு ஒன்று என்று தோலில் இரண்டு துண்டு எடுத்து, இரண்டையும் போமலினிலேயே போட்டுவிட்டார்கள். மகன் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனார், ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அங்கே பார்க்க முடியாதென்று திருப்பிவிட்டார்கள். அதற்குள் ஸ்ரெரொயிட் தொடங்கியாயிற்று. மருந்துக்குப் பிறகு எடுக்கும் துண்டில் ஒளிர்வு மங்கிப்போகலாம். ஆனாலும் வேறு வழியில்லை. புண்ணான உடம்பில் திரும்பவும் ஊசி, திரும்பவும் வெட்டு.

போத்தல் மாறினால்தான் கேடு என்றில்லை. போமலினில் தோய்ந்த சாமணத்தால் மற்றத் துண்டைத் தூக்கினாலும் கேடுதான். இம்யூனோபுளோரசன்ஸ் துண்டை முதலில் அதற்குரிய மிஷெல் கரைசல் போத்தலில் போட்டு மூடுங்கள். அதன் பிறகே போமலின் போத்தலைத் திறவுங்கள்.

மிஷெல் கரைசலை பிரீசரில் வைப்பது

வேண்டாம்.

அறை வெப்பநிலையிலேயே சாதாரணமாக 5 நாள் வரை இழையத்தைக் காக்கும். அதிலுள்ள அமோனியம் சல்பேற்றுத்தான் புரதங்களைக் கரையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய வாகனத்துக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரீசரில் மெல்ல உறையும்போது பனிப்பளிங்குகள் இழையத்தைக் கிழித்துவிடும். உறையவைத்துத்தான் அனுப்ப வேண்டுமென்றால் திரவ நைதரசனில் சட்டென உறையவைத்து, உலர் பனிக்கட்டியில் அனுப்ப வேண்டும்.

சேலைனை நம்பி இருப்பது

மிஷெல் கரைசல் கைவசம் இல்லாதபோது சேலைன் (உப்புநீர்) 24 மணித்தியாலத்துக்கு உதவும். வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டதைத் திங்கட்கிழமை அனுப்புவதற்கு அது உதவாது. காய்ந்த கோஸ் துணியில் சுற்றுவது அதைவிடக் கூடாது. காய்ந்த விளிம்பு பொய்யாக ஒளிரும்.

கொப்புளத்தின் நடுவில் வெட்டுவது

அங்கே தோல் கழன்றிருக்கும். ஓரத்துக்கு அருகே, 1 சென்ரிமீற்றருக்குள் உள்ள நல்ல தோலை எடுங்கள். லூபஸ் நோய் சந்தேகமென்றால் மாறாக, நோய் தெரியும் இடத்திலேயே எடுக்க வேண்டும்.

வெறும் படிவம்

எந்த இடத்தில் எடுத்தது, எத்தனை மணிக்கு எந்தக் கரைசலில் போட்டது என்று எழுதுங்கள். போமலின், சேலைன், மிஷெல் மூன்றும் நிறமில்லாதவை. போத்தலை வாங்குகிறவருக்குப் பார்த்த பார்வையில் வித்தியாசம் தெரியாது.