முன்பின் தெரியாதவரை ‘செல்லம்’ என்று கூப்பிடும்போது நேரும் தவறுகள்

‘செல்லம்’, ‘தங்கம்’, ‘கண்ணு’, ‘டியர்’. சொல்லில் குற்றமில்லை. பாட்டி சொன்னால் குளிர்கிற அதே சொல், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் முகம் தெரியாத ஆள் சொன்னால் சுருக்கென்று தைக்கிறது. ஏன்?

ஆய்வாளர்கள் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் ஐரோப்பிய மொழிகளின் ‘நீ’, ‘நீங்கள்’ பற்றி 1960-இல் எழுதிய கட்டுரையில் விடை இருக்கிறது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ‘நீ’ என்றால் அது நெருக்கம். ஒருவர் ‘நீ’ என்க, மற்றவர் ‘நீங்கள்’ என்றே சொல்ல வேண்டியிருந்தால் அது அதிகாரம். செல்லச் சொற்களுக்கும் இதே கணக்குதான். ‘இவர் பதிலுக்கு என்னைத் தங்கம் என்றால் ஏற்பேனா?’ என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அந்தச் சொல் வேண்டாம்.

விகுதியைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ‘சொல்லுங்கம்மா’ யாரையும் உறுத்தாது, ‘சொல்லும்மா’ உறுத்தும். இரண்டிலும் ‘அம்மா’ உண்டு, மரியாதையைத் தாங்குவது நடுவிலுள்ள ‘ங்க’. அது விழுந்ததும் எதிரில் இருப்பவர் சின்னப் பெண்ணாகிவிடுகிறார். ‘கொஞ்சம் தள்ளுப்பா’வும் அப்படியே.

வரிசையில் நிற்கும் ஆணுக்கு ‘சார்’, அடுத்து நிற்கும் பெண்ணுக்கு ‘டியர்’ என்பது இன்னொன்று. தனியாகக் கேட்டால் பெரிதாகத் தெரியாது. முன்னால் நின்றவருக்குக் கிடைத்த மரியாதையைக் காதால் கேட்டுவிட்டு வந்தவருக்கு நன்றாகவே தெரியும்.

முதியவர்களிடம்

அதிகம் காயப்படுத்துவது இங்கேதான், அதுவும் நல்லெண்ணத்தோடு. ‘நாம இப்ப மாத்திரை போட்டுக்கலாமா, என் செல்லம்?’ என்று குரலை உயர்த்தி, இழுத்து, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள். மாத்திரை போடப்போவது ஒருவர்தான், ‘நாம’ எதற்கு? மறதி நோயுள்ள முதியோரைப் பராமரிக்கும்போது இப்படிப் பேசினால் அவர்கள் கூடுதலாக முரண்டு பிடிக்கிறார்கள் என்பதை செவிலியல் ஆய்வாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழுவின் 2009 ஆய்வு காட்டியது. நினைவு மங்கினாலும் தன்மானம் மங்குவதில்லை.

உயர்ந்த குரலால் இன்னொரு நட்டம்: வயதாகும்போது முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற உச்ச சுருதி ஒலிகள்தான். ஆகவே முகத்துக்கு நேரே வந்து, குரலின் சுருதியைத் தாழ்த்தி, பெயரோடு ‘ஐயா’ அல்லது ‘அம்மா’ சேர்த்து, ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லுங்கள். ‘உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?’ என்று முதல் நாளே கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் அடுத்த ஷிப்டுக்கு வருபவரும் தடுமாறமாட்டார். ‘கண்ணுன்னே கூப்பிடு, யாரு இருக்கா எனக்கு’ என்பவரும் உண்டு. அவரைத் தாராளமாக அப்படியே கூப்பிடலாம்.

புகார் வரும்போது

கோபத்தில் இருப்பவரிடம் ‘டென்ஷன் ஆகாதீங்க கண்ணா’ என்பது எண்ணெய் ஊற்றுவது. அவர் பிரச்சினையைச் சொல்கிறார், நீங்கள் அவரைக் குழந்தையாக்குகிறீர்கள். எழுத்தில் இன்னும் மோசம். குரலும் முகமும் இல்லாததால் ‘சரி டியர்’ கிண்டலாகவே படிக்கப்படும்.

ஒருவர் வேண்டாம் என்ற பிறகு

‘எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுவேன்’, ‘அன்பாத்தானே சொன்னேன்’ இரண்டும் கெட்ட பதில்கள். பழியை அவர் தலையில் கட்டிவிடுகின்றன. நீளமான மன்னிப்பும் வேண்டாம். உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை அவருக்கு வந்து சேரும். ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே பெயரைச் சொன்னால் முடிந்தது.

இப்படிக் கூப்பிடப்படுபவர்கள் செய்யும் தவறு, மூன்று முறை விழுங்கிவிட்டு நான்காவது முறை வெடிப்பது. எதிரில் இருப்பவருக்கு அது திடீர்க் கோபமாகத்தான் தெரியும். முதல் தடவையே, சாதாரணக் குரலில், ‘பேர் சொல்லியே கூப்பிடுங்க’ என்றால் போதும். காரணம் சொல்லாதீர்கள், சொன்னால் அதன்மேல் வாதம் தொடங்கும். ஆனால் சொல்லோடு கையும் பார்வையும் சேர்ந்து வந்தால் இந்த நயமெல்லாம் தேவையில்லை. சத்தமாக மறுத்து, அங்கிருந்து விலகி, பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.