வெங்காய வேர்நுனியில் நிறமூர்த்தம் பார்ப்போம்: முதலாம் வருட மாணவர்களுக்கான செய்முறை

பிறப்புரிமையியல் பாடத்தின் ஆரம்பப் பிராக்டிகல்களில் வெங்காய வேர் கட்டாயம் இருக்கும். உயர்தரத்தில், ஒரு கலம் ஒரே மாதிரியான இரண்டு கலங்களாகப் பிரியும் இழையுருப்பிரிவின் படங்களை எல்லோரும் கீறியிருப்பீர்கள், அதன் அவத்தைகளின் (கட்டங்களின்) பெயர்களும் மனப்பாடமாக இருக்கும். ஆனால் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தால் அந்தப் படங்கள் வரிசையாக வந்து நிற்காது. வட்ட வட்டமான கருக்கள்தான் நிறைந்து கிடக்கும். பலர் அதற்குள் நிறமூர்த்தங்கள் நடுவில் அணிவகுத்து நிற்கும் வடிவான ஓர் அனுவவத்தையைத் தேடிப் பிடித்து, கீறி, கொப்பியை மூடிவிடுகிறார்கள். ஒவ்வோர் அவத்தையிலும் எத்தனை கலங்கள் என்று எண்ணாமல் விட்டால் இந்தச் செய்முறையில் பாதிக்கு மேல் கைவிட்டுப் போய்விடும். மெண்டல் பட்டாணியில் 5474 உருண்டை விதைகளையும் 1850 சுருங்கிய விதைகளையும் ஒவ்வொன்றாக எண்ணியதால்தான் அவருடைய 1866ஆம் ஆண்டுக் கட்டுரையில் 3:1 விகிதம் வந்தது. பிறப்புரிமையியலில் கை பழக வேண்டிய முதல் வேலை எண்ணுவதுதான்.

வெங்காயமும் வேரும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கும் சின்ன வெங்காயம் போதும். பெரிய வெங்காயமும் இதே இனம்தான், இரண்டிலும் ஒரு கலத்துக்கு 16 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்). அவை அளவில் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. ஆய்வுகூடங்கள் வெங்காயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் செம்மண் தோட்டங்களில் வேதாளன் போன்ற வெங்காய வகைகளைக் குமிழ் வைத்துத்தான் நடுகிறார்கள். நட்ட குமிழிலிருந்து வரும் புதுக் குமிழ்கள் எல்லாம் இழையுருப்பிரிவால் உண்டானவை. அதனால்தான் போகத்துக்குப் போகம் அதே இயல்புகள் மாறாமல் வருகின்றன. நீங்கள் வேர்நுனியில் பார்க்கப்போவதும் அதே பிரிவுதான்.

கிண்டியவுடன் கொண்டுவந்த பச்சை வெங்காயம் வேர்விடத் தாமதிக்கும், நன்றாகக் காய்ந்ததை எடுங்கள். வெளித்தோலை உரித்து, அடியிலுள்ள பழைய வேர்களைப் பிளேட்டால் மெல்லச் சுரண்டுங்கள். ஆழமாக வெட்டினால் புது வேர் வரும் இடமும் போய்விடும். வெங்காயத்துக்குக் குறுக்கே இரண்டு ஈர்க்குகளைக் குத்தி, வெறும் யோகட் கப்பின் விளிம்பில் தொங்க விடுங்கள். அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் தொட்டால் போதும், முழுக்க அமிழ்ந்தால் அழுகும். நிழலில் வைத்துத் தினமும் தண்ணீர் மாற்றினால் இரண்டு மூன்று நாளில் 1 முதல் 2 செ.மீ. வேர் வந்துவிடும்.

வெட்டுதலும் பதப்படுத்தலும்

வழமையாகக் காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வெட்டுவார்கள். நுனியிலிருந்து 1 செ.மீ. அளவில் வெட்டி, உடனேயே பதப்படுத்தும் கரைசலில் போடுங்கள். மூன்று பங்கு எதனோலுக்கு ஒரு பங்கு கிளேசியல் அசற்றிக் அமிலம் என்பது அதன் அளவு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், பழையது சரிவராது. இந்தக் கரைசல் கலங்களை அந்தக் கணத்திலேயே நிறுத்திவிடும். ஒரு நாள் வைத்த பிறகு 70% எதனோலுக்கு மாற்றிக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் அடுத்த பிராக்டிகல் வகுப்புவரை கெடாது. கிளேசியல் அசற்றிக் அமிலம் தோலைச் சுடும், ஆவியும் மூக்கில் ஏறும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலவுங்கள்.

அமிலத்தில் மென்மையாக்கல்

தாவரக் கலங்களை கலச்சுவர்களுக்கு இடையிலுள்ள நடுமென்றட்டின் பெக்றின் ஒட்டி வைத்திருக்கிறது. அதைக் கரைத்தால்தான் கலங்கள் பிரிந்து ஒரே தளத்தில் பரவும். 1 நோமல் ஐதரோகுளோரிக் அமிலத்தை நீர்த்தொட்டியில் 60 பாகை செல்சியசுக்குக் கொண்டுவந்து, வேர்களை 5 முதல் 8 நிமிடம் அதில் விடுங்கள். சரியாக வந்த நுனி, பதமாகக் குழைத்த புட்டுமாப் போல ஊசி பட்டதும் உதிர வேண்டும். நேரம் குறைந்தால் நசுக்கும்போது கட்டியாகவே நிற்கும். கூடினால் நுனியைச் சாவணத்தால் தூக்கவே முடியாது, சாயமும் சரியாகப் பிடிக்காது. பிறகு தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள், அமிலம் மிஞ்சினால் சாயம் மங்கும்.

சாயமிடலும் நசுக்கலும்

மணிக்கூட்டுக் கண்ணாடியில் அசற்றோகாமைன் சாயம் விட்டு, வேர்களைப் போட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் இலேசாகச் சூடாக்குங்கள். கொதிக்க விடாதீர்கள். 15, 20 நிமிடத்தில் வேரின் கடைசி 1, 2 மி.மீ. மட்டும் கடும் சிவப்பாகத் தெரியும். கலங்கள் பிரிந்துகொண்டே இருக்கும் பிரியிழையம் அங்கேதான் இருக்கிறது. கலங்கள் சிறியவை, கருக்கள் நெருக்கமாக இருக்கின்றன, அதனால்தான் அந்தச் சிவப்பு. அதை மட்டும் வழுக்கியில் (கண்ணாடித் தகட்டில்) வைத்து மிச்ச வேரை எறிந்துவிடுங்கள். வேர் முழுவதையும் நசுக்கினால் பிரியாத நீண்ட கலங்கள்தான் வழுக்கியை நிரப்பும்.

புதுச் சாயத்தில் ஒரு துளி விட்டு, இரும்பு ஊசியால் நுனியைக் குத்திக் குத்திக் கலையுங்கள். ஊசியிலிருந்து வரும் சிறிதளவு இரும்பு காமைனைக் கருமையாக்கும், நிறமூர்த்தங்கள் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

கவர் ஸ்லிப்பைச் சரிவாக இறக்கி, மேலே பென்சிலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டுங்கள். சிவப்புப் புள்ளி முகில் போலப் பரவும். பிறகு வடிதாளை மடித்து மேலே வைத்து, பெருவிரலால் நேர் கீழாக ஒரே அழுத்து. இந்த நேரத்தில் கவர் ஸ்லிப் ஒரு மில்லிமீற்றர் வழுக்கினாலும் கலங்கள் உருண்டு சுருண்டுவிடும். மற்றக் கையால் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதும் எண்ணுவதும்

10x பொருள்வில்லையில் கலங்கள் ஒற்றைத் தளமாகப் பரவிய இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு 40x க்கு மாறுங்கள். ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி, பார்வைப்புலத்தில் தெரியும் ஒவ்வொரு கலத்தையும் எண்ணி, அடுத்த புலத்துக்கு நகருங்கள். பிரியும் கலம் நிறைய இருக்கும் புலத்தை மட்டும் பொறுக்கினால் விடை பொய்யாகிவிடும்.

குழப்பம் வரும் இடங்கள் சில இருக்கின்றன. இன்னும் பிரியத் தொடங்காத இடையவத்தைக் கருவில் சாயம் சீராக இருக்கும், நடுவே வெளிறிய புன்கரு (கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டை) தெரியும். முன்னவத்தையில் நூல்கள் தெரியத் தொடங்கும். நுண்செப்பஞ்செய்யும் திருகை முன்னும் பின்னும் திருப்பினால் நூல் நூலாகப் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் முன்னவத்தை. அனுவவத்தையைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் ஒரு பட்டை. மேன்முகவவத்தையில் நிறமூர்த்தங்கள் இரு முனைகளுக்கும் பிரிந்து போகும்; அப்போது மையப்பாத்து (சென்ட்ரோமியர்) முன்னே போக, கைகள் பின்னால் இழுபடும். கடைசிக் கட்டமான ஈற்றவத்தையா, அருகருகே உள்ள இரண்டு புதுக் கலங்களா என்பதுதான் பெரிய தலையிடி. இடையே சுவர் முழுமையாகி, கருக்களும் உருண்டுவிட்டால் இரண்டு இடையவத்தைக் கலங்கள் என்று போடுங்கள். எந்த விதியை எடுத்தாலும் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள், குழுவிலுள்ள மற்றவர்களும் அதன்படியே எண்ண வேண்டும்.

உதாரணமாக 500 கலங்களில் இடையவத்தை 460, முன்னவத்தை 22, அனுவவத்தை 7, மேன்முகவவத்தை 5, ஈற்றவத்தை 6 என்று வைப்போம். பிரியும் கலங்கள் 40, எனவே இழையுருப்பிரிவுச் சுட்டி 40/500 × 100 = 8%. ஓர் அவத்தையில் எத்தனை கலம் நிற்கிறது என்பது, அந்த அவத்தை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் காட்டுகிறது. மேன்முகவவத்தை ஏன் அரிதாகக் கண்ணில் படுகிறது என்பதற்கு விடை இந்த அட்டவணைதான்: அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

16ஐயும் எண்ண விரும்பினால்

சாதாரண தயாரிப்பில் நிறமூர்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். எண்ண வேண்டுமென்றால் பதப்படுத்த முன் வேர்களை 0.002 மோலர் 8-ஐதரொக்சிகுயினோலீனில் சுமார் 3 மணிநேரம் வைப்பார்கள். நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் கதிர் உருவாகாது, அதனால் நிறமூர்த்தங்கள் குறுகித் தனித்தனியாகச் சிதறும். கொல்சிசினும் இதே வேலையைச் செய்யும். நம் வேலிகளில் படரும் கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கில் இருக்கும் நஞ்சு அதுதான். உயிரைக் கொல்லக்கூடியது என்பதால் வீட்டில் கிழங்கை இடித்துச் சாறெடுத்துப் பார்க்க நினைக்கவே வேண்டாம். ஆனால் இப்படித் தயாரித்த வழுக்கியில் சுட்டியைக் கணிக்காதீர்கள். கலங்கள் அனுவவத்தையில் தேங்கி நிற்பதால் எண்ணிக்கை உயர்ந்து காட்டும்.

வகுப்பு நேரத்துக்குள் எண்ணி முடியாவிட்டால், மிஞ்சிய சாயத்தை வடிதாளால் ஒற்றி எடுத்து, கவர் ஸ்லிப்பின் நாலு ஓரமும் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) பூசி அடையுங்கள். ஈர வடிதாள் விரித்த பெற்றிக்கிண்ணத்தில் மூடிக் குளிரில் வைத்தால் சில நாட்களுக்குக் காயாது. திகதியையும் எங்கே எண்ணி நிறுத்தினீர்கள் என்பதையும் வழுக்கியின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.