எடையை முதலில் ஒட்டாதீர்கள்: ‘என்’ ஸ்கேல் சரக்குப் பெட்டிகளில் செய்யக்கூடாத தவறுகள்

‘என்’ ஸ்கேல் என்பது 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் சிறிய மாடல் ரயில். அதன் சரக்குப் பெட்டி வளைவில் தடம் புரண்டால் பலரும் உடனே உள்ளே எடை ஒட்டுகிறார்கள். முதல் தவறே அதுதான். சக்கர இடைவெளி பிசகியிருந்தாலும், போகி (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் அடிச்சட்டம்) இறுகியிருந்தாலும், கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) கோணிக்கொண்டு நின்றாலும் எடை அதைச் சரிசெய்யாது, கொஞ்ச நாளைக்கு மூடிமறைக்கும். பிறகு பத்துப் பெட்டி இழுக்கவே எஞ்சின் சக்கரம் வழுக்கும். சக்கரத்தில் தொடங்கி, போகி, கப்ளர் என்று மேலே வாருங்கள். எடை கடைசி வேலை.

எது கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு பலகை போதும். 1 மீட்டர் நேர்த் தண்டவாளத்தை அதன்மேல் பொருத்தி, ஒரு முனைக்கு அடியில் 20 மி.மீ. கட்டை வையுங்கள். அது 2 விழுக்காடு சரிவு. நல்ல பெட்டி, கையை எடுத்ததும் தானாக உருள வேண்டும். பெட்டியைத் திருப்பி வைத்தும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தயங்கினால் ஏதோ ஓர் அச்சு உராய்கிறது.

பிளாஸ்டிக் சக்கரங்களில் அழுக்கு சீக்கிரம் படியும். அதனால் உலோகச் சக்கரம் மாற்றுவது நல்ல யோசனைதான். ஆனால் கையில் கிடைத்ததை மாட்டிவிடக்கூடாது. ‘என்’ ஸ்கேல் அச்சுகள் சுமார் 13.7 மி.மீ. முதல் 14.3 மி.மீ. வரை பல நீளங்களில் வருகின்றன. நீளம் அதிகமானால் போகியின் பக்கச் சட்டம் வெளியே பிதுங்கி அச்சைப் பிடித்துக்கொள்ளும். குறைந்தால் அச்சு ஆடும், பெட்டி ஒரு பக்கம் சாயும். பழைய அச்சைக் கேலிப்பரில் அளந்த பிறகே புதியதை வாங்குங்கள். ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களில் ஒன்றாவது மின்காப்புடன் இருக்க வேண்டும். இல்லையேல் தண்டவாளத்தில் வைத்ததுமே ஷார்ட் ஆகும்.

உராய்கிறதே என்று எண்ணெய் விடாதீர்கள். மின்விசிறி நாள் முழுக்கச் சுழலும் வீட்டில் எண்ணெய், தூசி, துணிநார் மூன்றும் சேர்ந்து பசையாகிவிடும். போகிகள் பெரும்பாலும் வழுவழுப்பான அசிட்டல் பிளாஸ்டிக்கில் செய்யப்படுவதால் அச்சு நீளம் சரியாக இருந்தால் மசகே தேவைப்படாது.

தண்டவாள இடைவெளி 9 மி.மீ. என்றாலும் சக்கர இடைவெளியைக் கண்ணளவில் நம்பக்கூடாது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் வெளியிடும் உலோக கேஜில் (இடைவெளி பார்க்கும் அளவுத் தகடு) ஒவ்வொரு அச்சையும் பொருத்திப் பாருங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் சக்கரத்தை முறுக்கிக்கொண்டே மெல்ல இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் சக்கரம் கோணிக்கொண்டு தள்ளாடும். தள்ளாடும் சக்கரத்தைச் சீர்செய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்தது போகித் திருகு. இரண்டையும் இறுக்கினால் பெட்டி விறைத்துப்போய், சிறு மேடுபள்ளத்தில்கூட ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இரண்டையும் தளர்த்தினால் பெட்டி தள்ளாடும். ஒரு போகி இடவலமாகத் திரும்பினால் போதும், பக்கவாட்டில் சாயக்கூடாது. மற்றது திரும்பவும் வேண்டும், சற்றே சாயவும் வேண்டும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது போலத்தான். திருகை முழுதாக இறுக்கிவிட்டு, ஒரு முனையில் கால் சுற்றும் மறுமுனையில் அரைச் சுற்றும் தளர்த்தித் தொடங்குங்கள்.

கப்ளரைப் போகியிலிருந்து கழற்றிப் பெட்டியின் அடித்தட்டில் பொருத்தினால் பின்னோக்கித் தள்ளும்போது தடம் புரள்வது நன்றாகக் குறையும். தள்ளும் விசை போகியைக் கோணலாக்காது என்பதே காரணம். ஆனால் சிங்கப்பூர் வீவக வீட்டில் உணவு மேசையளவு இடத்தில் கேட்டோ நிறுவனத்தின் ஆர்249 (249 மி.மீ. ஆரம்) வளைவு போட்டவர்கள் நீளப் பெட்டிகளுக்கு இதைச் செய்யக்கூடாது. வளைவில் பெட்டியின் முனை வெளியே நீட்டிக்கொண்டு, கப்ளர் பக்கத்துப் பெட்டியைத் தடத்திலிருந்து நெம்பித் தள்ளிவிடும். ஆர்348-க்கு மேல் இடமிருந்தால் தாராளமாகச் செய்யலாம். பொருத்தியபின் கப்ளரை விரலால் ஒதுக்கி விடுங்கள். அது தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் திருகு இறுக்கம், அல்லது பிளாஸ்டிக் பிசிறு. கப்ளர் பக்கத்தில் சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், இடுக்கில் ஊறி உள்ளே போய்விடும்.

இப்போது எடை. அதே சங்கத்தின் பரிந்துரை: ‘என்’ ஸ்கேலில் அரை அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.15 அவுன்ஸ். நம் கணக்கில் 14 கிராம், அதோடு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.7 கிராம். 40 அடிப் பெட்டியின் மாதிரி 7.6 செ.மீ., அதற்குச் சுமார் 27 கிராம். எல்லாப் பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பது இந்த எண்ணைத் துல்லியமாக எட்டுவதைவிட முக்கியம். சமையலறைத் தராசு 1 கிராம் வரைதான் காட்டும் என்பதால் 0.1 கிராம் காட்டும் சிறு தராசு வாங்குங்கள். அதைச் சரிபார்க்க 2013க்குப் பிந்தைய சிங்கப்பூர் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தை வையுங்கள், 7.62 கிராம் காட்ட வேண்டும்.

ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் ஒட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. பசை காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம், காற்றின் ஈரப்பதத்தோடு சேர்ந்து ஈயத்தை வெள்ளைத் தூளாக அரிக்கும். தூள் உப்பி, சில ஆண்டுகளில் பெட்டியின் சுவரையே பிளந்துவிடும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் இது எளிதில் நடக்கும். ஈயம்தான் என்றால் எபாக்ஸியில் ஒட்டுங்கள். தூண்டில் கடையில் கிடைக்கும் டங்ஸ்டன் எடை ஈயத்தைவிடக் கனம், நஞ்சும் குறைவு. இரும்பு நட்டுகள் துருப்பிடிக்கும். தண்டவாளத்துக்கு அடியில் கப்ளரைக் கழற்றும் காந்தம் வைத்திருந்தால் இரும்பை அது இழுக்கும், பெட்டி தானாக நகரும். இரும்பு அச்சுக்கும் இதே தொல்லை உண்டு.

எதை வைத்தாலும் தளத்தோடு ஒட்டி, நடுவில் வையுங்கள். வெறும் கொள்கலன் வேகனுக்குத் தளத்தில் இடமிருக்காது. அதற்குக் கொள்கலனின் அடிப்பகுதிக்குள் மெல்லிய தகடாக ஒட்டலாம். 2 விழுக்காடு ஏற்றத்தில் பெட்டிக்குக் கூடுதலாக 10 கிராம் என்றால், 20 பெட்டிக்கு ஏற்றத்தின் இழுவை மட்டும் 4 கிராம் கூடும். சிறிய எஞ்சினுக்கு அது தெரியும். கனமான பெட்டிகளை எஞ்சினை ஒட்டி முன்னே போடுங்கள். லேசானவை முன்னே, கனமானவை பின்னே என்று கோத்தால் வளைவில் கயிறு இழுபடுவது போல லேசான பெட்டி உட்பக்கம் கவிழும்.